விரவலும் விலக்கலும்: உதயசங்கரின் ஆடலாக்கம் – ஓர் ஒப்பியல் நோக்கு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியனுக்குரிய தகுதிகளைக் கூறுமிடத்து ஒரு நுட்பத்தைப் பொதிந்து வைத்துள்ளது. அவன் இருவகைக் கூத்தினையும் கற்றிருத்தல் வேண்டும். கற்றபின், ஒன்றற்குரிய கைத்தொழிலை மற்றொன்றனுள் நுழையவிடாமல் களையவும், குரவையும் வரியும் தம்முள் விரவாதவாறு செலுத்தவும் வல்லவனாதல் வேண்டும். கலவாமை என்பது மற்றதனை அறியாமையால் வருவதன்று. இரண்டையும் அறிந்தவனே இரண்டையும் பிரித்து நிறுத்த இயலும் என்பதே இதன் உட்கிடை. பிற்காலத்தில் ஆடற்கலை பற்றி எழுந்த 'தூய்மை' வாதங்களில் இதன் முற்பாதி மறக்கப்பட்டுப் பிற்பாதி மட்டும் விதியாக நின்றுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டு இந்திய ஆடற்கலையில் விரவல் என்னும் குற்றச்சாட்டை மிகுதியாகச் சுமந்தவர் உதயசங்கர் (1900–1977). பாலே, கதகளி, மணிப்புரி, பரதம், நாட்டுப்புற ஆடல், சடங்கு, ஐரோப்பிய நவீன நடனம் ஆகிய அனைத்தையும் ஒரே கலத்தில் இட்டுக் கலக்கியவர் என்பதே அவரைப் பற்றிய பொதுக்கூற்று. புகழ்பவரும் இதனையே கூறுவர். இகழ்பவரும் இதனையே கூறுவர். எது எதனோடு விரவியது, எது விரவாமல் நின்றது என்னும் வினாவை இருசாராரும் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண்பதும், அவ்விடையால் தமிழக ஆடல் வரலாற்றில் மீள்பார்வைக்கு உரியவை எவை எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொண்டவர் நோக்கு

கொல்கத்தாவின் தென்பகுதியாகிய ஜாதவ்பூரில் உள்ள பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டு புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தோற்றுவித்தார். இந்தியாவில் ஒப்பிலக்கியத்திற்கெனத் தனியே எழுந்த முதல் துறை அது. ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதியின் 'ஒப்பியல் இலக்கியம்' தமிழில் வெளிவந்தது 1969இல். ஒப்பியலாய்வு தொடக்கத்தில் தாக்கத்தைத் தேடும் முயற்சியாகவே இருந்தது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்னும் கணக்கில் கொடுத்தவர் எப்போதும் ஐரோப்பியராகவே அமைந்தமை வியப்பன்று. பின்னர் 'ஏற்பு' என்னும் கருத்தாக்கம் வலுப்பெற்றபோது நோக்கு கொண்டவர் பக்கம் திரும்பியது. கொண்டவர் எதை வேண்டினார், எதை விலக்கினார், கொண்டதை எவ்விடத்தில் பொருத்தினார் என்பன வினாக்களாயின. ஜாதவ்பூர் வழிவந்த ஒப்பியலறிஞர் பலர் இந்திய இலக்கியங்களை இவ்வழியே அணுகினர்.

அதே பல்கலைக்கழகத்தில் 1988இல் பெண்ணியல் ஆய்வுப்பள்ளியும், 1993இல் திரைப்படவியல் துறையும் தோன்றின. ஆடற்கலைக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் இதுவன்று. அப்பெயர் நகரின் வடபகுதியில், தாகூர் குடும்பத்து இல்லம் அமைந்த ஜோராசாங்கோவில் 1962இல் தொடங்கிய இரவீந்திர பாரதிக்கே உரியது. ஆயினும் உதயசங்கரை ஆராய்வதற்கு ஜாதவ்பூரின் இம்மூன்று துறைகளும் ஒருங்கே வேண்டும். அவர் பலரிடமும் கொண்டவர். அவர்தம் ஆடலாக்கத்திற்கு எஞ்சியுள்ள தலைசிறந்த சான்று ஒரு திரைப்படம். அவருக்குப் பின் அந்நகரில் எழுந்த வலுவான மாற்றுக்குரல் ஒரு பெண்ணுடையது.

பாவ்லோவாவைக் கண்ட இருவர்

உதய்ப்பூரில் வங்காளக் குடும்பத்திற் பிறந்த உதயசங்கர், ஓவியம் கற்கவே இலண்டனுக்குச் சென்றார். அங்கு ராயல் கலைக் கல்லூரியில் வில்லியம் ரோத்தன்ஸ்டைனின் மாணவரானார். எந்தவோர் ஆடல் மரபிலும் குருவின்வழிப் பயிற்சி பெறாதவராகவே அவர் மேடையேறினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. உருசிய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா 1923இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் நிகழ்த்திய 'கீழைத்தேயப் பதிவுகள்' என்னும் தொகுப்புக்காக 'இந்துத் திருமணம்', 'கிருஷ்ணனும் இராதையும்' ஆகிய இரண்டனையும் உதயசங்கர் அமைத்துக் கொடுத்தார். பின்னதில் பாவ்லோவா இராதையாகவும் அவரே கிருஷ்ணனாகவும் ஆடினர். அவர் பாலே அடிப்படைப் பயிற்சிகளை மேற்கொள்ள முயன்றபோது பாவ்லோவா அதனைத் தடுத்து, தம் நாட்டு ஆடலைத் தேடுமாறு அறிவுறுத்தினார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர்.

இந்த அறிவுரையை ஐரோப்பியர் ஒருவரின் பெருந்தன்மையாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அதனுள் ஒரு வேலி இருந்தது. பாவ்லோவா கிருஷ்ணனைக் காதலிக்கும் இராதையாகலாம். உதயசங்கர் அன்னப்பறவையைத் தேடும் இளவரசனாதல் இயலாது. கொடுப்பவர் இட்ட இவ்வேலிக்குள் நின்று கொண்டவர் என்ன செய்தார் என்பதிலேதான் ஏற்பின் கதை தொடங்குகிறது.

உதயசங்கர் பாலேயிடமிருந்து அடியெடுப்பைக் கொள்ளவில்லை. நுனிவிரலில் நிற்பதையோ காலை வெளிப்புறம் திருப்புவதையோ கொள்ளவில்லை. அவர் கொண்டது அமைப்பு. ஒரு நிகழ்ச்சி குறித்த கால அளவினதாய் இருத்தல், ஒவ்வோர் ஆடலும் சில நிமிடங்களில் தொடங்கி முடிதல், திரையும் ஒளியும் ஆடலின் உறுப்பாதல், ஆடுவோர் பலரைக் கூட்டமாக நிறுத்தி அக்கூட்டத்தின் வடிவத்தையே பொருளாக்குதல், ஊர் ஊராகச் செல்லும் நிலைத்த குழுவை நடத்துதல் ஆகியவை பாவ்லோவாவின் குழுவில் அவர் கண்டு கற்றவை. சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனரின் துணையுடன் அமைத்த தம் குழுவை 1931 மார்ச்சில் பாரிசின் சாம்ஸ் எலிசே அரங்கில் அவர் அறிமுகப்படுத்தினார். 1933 தொடக்கத்தில் அக்குழு அமெரிக்கா சென்றது. இசைக்கு முதலில் திமிர்பரணும் பின்னர் விஷ்ணுதாஸ் சிராலியும் பொறுப்பேற்றனர். சிம்கி என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் பெண் முதன்மை ஆடற்றுணையாக விளங்கினார். இந்தியக் கருவிகள் இருந்தன. மேலை இசைக்குழு இல்லை. உடலசைவும் இசையும் கீழைத்தேயத்தன. அவற்றைத் தாங்கிய சட்டகம் மேலைத்தேயத்தது. கலவை என்னும் சொல் இந்நிலையைச் சுட்டப் போதாது.

இதே பாவ்லோவாவைச் சில ஆண்டுகள் கழித்துத் தமிழகத்தைச் சேர்ந்த மற்றொருவர் கண்டார். 1928இல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆடலைக் கண்ட ருக்மிணி தேவி, பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பற்பயணத்தில் அவருடன் பழகி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தம் நாட்டுக் கலையை நோக்குமாறு பாவ்லோவா அவருக்கும் அறிவுறுத்தினார் எனப்படுகிறது. 1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தணைநல்லூர் மரபுப் பெண்டிர் ஆடிய சதிரைக் கண்டது, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றது, 1935 இறுதியில் அடையாற்றில் மேடையேறியது, 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியது ஆகியவை தமிழாய்வாளர் நன்கறிந்தவை.

கலாக்ஷேத்திரத்தின் நாட்டிய நாடகங்களை மேற்கூறிய சட்டகத்தோடு ஒப்பிட்டு நோக்குக. 'குற்றாலக் குறவஞ்சி' (1944) தொடங்கி, 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக அமைந்த இராமாயணம் வரை, கூட்ட ஆடலின் அணிவகுப்பு, ஒளியமைப்பு, வண்ணம் இயைந்த உடை, அளவிட்ட காலம் ஆகியன யாவும் உள்ளன. அடவுகள் பரதத்தன, ஆண் பாத்திரங்களின் நடையிலும் முகவிறைப்பிலும் கதகளியின் சாயல் உண்டு, அங்குக் கதகளி ஆசிரியர்கள் பணியாற்றியதால் அது இயல்பே, மெலட்டூர்ப் பாகவத மேளத்தின் பங்கும் உண்டு. அரங்கேற்று காதையின் அளவுகோலால் அளந்தால் இதுவும் விரவலே. ஆயினும் இது மரபு எனப் போற்றப்பட்டது. உதயசங்கருடையது மரபுக்குப் புறம்பு என ஒதுக்கப்பட்டது. வேறுபாடு உடலசைவில் மட்டும் இல்லை. ஒருவர் தம் கடனை மரபின் பெயரால் கணக்கெழுதினார். மற்றவர் தம் பெயரால் கணக்கெழுதினார். 'படைப்பு நடனம்' என்று தம் கலைக்குப் பெயரிட்டுக்கொண்ட அன்றே உதயசங்கர் மரபுரிமை கோரும் வழக்கிலிருந்து விலகிவிட்டார் எனலாம். ருக்மிணி தேவியின் அருந்திறனைக் குறைப்பதற்காக இது கூறப்படவில்லை. கடன் கொண்டோர் இருவராயிருக்க, கடனாளி என்னும் பெயர் ஒருவருக்கே வழங்குவதில் உள்ள முறையின்மையே இங்குச் சுட்டப்படுகிறது.

'பாலே' என்னும் சொல் இந்நாட்டில் அடைந்த பொருள்மாற்றமும் இதற்குச் சான்றாகும். 1940-களில் இந்திய மக்கள் நாடக மன்றம் தன் ஆடற்குழுவை மத்திய பாலே குழு என்றழைத்தது. அதனை வழிநடத்திய சாந்தி பர்தன் 1952இல் தொடங்கியது லிட்டில் பாலே ட்ரூப். மாந்தர் பொம்மைகளாக ஆடும் இராமாயணமே அக்குழுவின் புகழ்பெற்ற ஆக்கம். அதில் ஐரோப்பிய பாலேயின் அடி ஒன்றும் இல்லை. கதை தழுவிய கூட்ட ஆடல் என்பதே இங்கு அச்சொல்லின் பொருளாயிற்று. தமிழில் 'நாட்டிய நாடகம்' என்னும் தொடர் அவ்விடத்தை நிரப்பியது. பிறமொழிச் சொல் ஒன்று ஒலியை மட்டும் தந்து பொருளை இங்கே பெற்றுக்கொண்டது. அக்கலைவடிவுக்கும் நேர்ந்தது அதுவே.

சடங்கும் காட்சியும்

பாலேயைப் பொறுத்தவரை உதயசங்கர் வெற்றிபெற்ற கொள்வோர். சடங்கைப் பொறுத்தவரை அவ்வாறு கூறுதல் எளிதன்று.

சிறுவயதில் தாயின் ஊராகிய நஸ்ரத்பூரில், தோல்தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த மாதாதீன் என்பவரின் ஆடலை மறைந்திருந்து கண்டதே தம் முதற்பாடம் என அவர் நினைவுகூர்ந்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அப்பாடத்தின் உயிர்ப்பு அவருடைய நாட்டுப்புற ஆடல்களில் உண்டு. ஆனால் 'தாண்டவ நிருத்தியம்', 'அஸ்திர பூஜை', 'கார்த்திகேயன்' முதலிய தெய்வ ஆடல்களில் வேறொன்று நிகழ்கிறது. இவற்றுள் கார்த்திகேயன், கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியின் துணையால் அமைந்தது. இங்கு முருகன் வருகிறான்; வேலேந்துகிறான்; போருக்குச் செல்கிறான். தமிழ் மரபில் வேலன் வெறியாடுகையில் ஆடுபவன்மீது தெய்வம் ஏறுகிறது. காண்போருக்கும் அதில் பங்குண்டு, நோய்க்கும் நேர்ச்சிக்கும் அது விடை தருகிறது. மேடையில் நின்ற கார்த்திகேயனோ எவர்மீதும் ஏறவில்லை. ஒளியில் நின்றான், திரை விழுந்ததும் மறைந்தான். சடங்கின் உருவம் முழுமையாக வந்து சேர்ந்தது. அதன் பயன் வந்து சேரவில்லை.

கோயிற்சிற்பங்களையும் ஓவியங்களையும் கண்டு அவற்றிலிருந்து உடல்நிலைகளைப் பெற்றவர் அவர். ஓவிய மாணவரின் கண் அது. அசைவின்மையிலிருந்து அசைவை உருவாக்கியதால், அவருடைய ஆடலில் தோள், கை, விரல் ஆகியவற்றின் அலையொத்த நெளிவு தனிச்சிறப்புற்றது, கால்தொழில் குறைந்தது. கைம்முத்திரைகள் சொற்பொருள் உணர்த்தாமல் அழகுக்கு நின்றன. பரதமும் கதகளியும் அறிந்தோர் இதனைக் குறையாகவே கண்டனர். அக்குறைபாடு உண்மையே. மொழியின் எழுத்துகளை எடுத்துக்கொண்டு அம்மொழியில் பேசாதிருப்பதை ஒத்தது அது. தெய்வ ஆடல்களின் அளவில் இக்கட்டுரையும் அக்கருத்துக்கு உடன்படுகிறது.

ஆயினும் தொன்மம் கைகொடுக்க இயலாத பொருள்களுக்கு அவர் வந்தபோது நிலைமை மாறியது. 'வாழ்வின் தாளம்' (1938), 'உழைப்பும் இயந்திரமும்' (1939) என்னும் இரண்டும் அவர் அமைத்த ஆடல்களுள் தலையாயவை என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. பின்னதில் தொழிலாளர் உடல்கள் பொறியின் உறுப்புகளாகின்றன. கைகள் உந்துதண்டாகவும் உடல்வரிசை சுழலும் சக்கரமாகவும் மாற, தனிமனிதன் தாளத்துள் தொலைகிறான். பரதத்திலோ கதகளியிலோ ஆலைக்கு முத்திரை இல்லை. எழுத்துகளைக் கொண்டு புதுச்சொல் ஆக்கவேண்டிய கட்டாயம் அங்கே நேர்ந்தது. பொருளுணர்த்தாத கை என்னும் குறையே அங்கு வலிமையாயிற்று. ஜெர்மானிய ஆடலாசிரியர் குர்ட் யூஸ் 'பச்சை மேசை' (1932) என்னும் ஆடலில் போரையும் அரசியலையும் கூட்ட உடல்களால் உணர்த்தினார். நாசி ஆட்சியில் நாடு நீங்கிய அவருடைய குழு 1934 முதல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹாலில் தங்கியது. உதயசங்கரும் 1930-களின் நடுவில் அங்குச் சென்று தங்கியவர். இதனைத் தாக்கம் என்று எழுதிவிட்டுக் கடந்து செல்வது எளிது. எனினும், காலனிய நாட்டின் ஆலைத்தொழிலாளியைப் பொருளாகக் கொள்ளும் தேவை டார்ட்டிங்டனில் பிறந்ததன்று என்பதை மறத்தலாகாது.

அல்மோராவில் ஒரு நட்டுவனார்

டார்ட்டிங்டன் ஹாலை நடத்திய எல்மர்ஸ்ட் குடும்பத்தாரின் பொருளுதவியுடன் இமயமலைச் சாரலில் அல்மோராவில் உதயசங்கர் இந்தியப் பண்பாட்டு மையத்தை நிறுவினார். 1930-களின் இறுதியில் தொடங்கி 1944 வரை அது நடந்தது. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான் எனத் துறைதோறும் பேராசான்கள் அமர்ந்தனர். டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் பள்ளியில் நவீன நடனம் பயின்று வந்த ஜோரா (பிற்காலத்தில் ஜோரா சேகல்) கற்பித்தார். குரு தத், சாந்தி பர்தன், நரேந்திர சர்மா, சச்சின் சங்கர், அமலா முதலியோர் மாணவர். நடத்தல், நோக்குதல், கற்பனைப் பயிற்சி ஆகியவை பொதுவகுப்பில் இடம்பெற்றன. மரபுகள் தனித்தனி ஆசான்களிடம் தனித்தனியே கற்பிக்கப்பட்டன. விரவாமற் கற்று, பின்னர்ப் படைப்பில் விரவலாம் என்பது அங்குக் கடைப்பிடித்த ஒழுங்கு. அரங்கேற்று காதையின் முற்பாதி அல்மோராவில் நிறைவேறியது எனின் மிகையாகாது.

பரதத்திற்கு அங்கு ஆசிரியராக இருந்தவர் கந்தப்பா பிள்ளை. நெல்லையப்ப நட்டுவனாரின் மகன், பாலசரஸ்வதியின் ஆசான். இப்பெயர் உதயசங்கர் வரலாற்றில் ஒரு பட்டியலின் இடையில் வருகிறது. தமிழக ஆடல் வரலாற்றில் பாலசரஸ்வதியின் வாழ்க்கையில் ஓர் இயலாக வருகிறது. இரண்டையும் இணைத்து நோக்கிய எழுத்து அரிது. சென்னை மாகாணத்தில் சதிருக்கு எதிராக இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கோயில்களும் செல்வர் இல்லங்களும் ஆதரவை நிறுத்தின. தலைமுறை தலைமுறையாக வந்த நட்டுவாங்கம் பிழைப்புக்கு வழியற்று நின்றது. அந்நிலையில் மரபின் உச்சியில் நின்ற ஆசான் ஒருவர் தமிழ் அறியாத மாணவர்க்குக் கற்பிக்க இமயமலைக்குச் சென்றார். விரவல் ஆசிரியர் என்று பழிக்கப்பட்டவரின் பள்ளியே அவருக்கு இடமளித்தது. இதனை உதயசங்கரின் பெருமையாக மட்டும் எழுதுவதும் தவறு. நட்டுவனார் அங்கே ஒரு துறையின் ஊதிய ஆசிரியர். ஆக்கத்திற்கு உரியவர் என்னும் பெயர் அவருக்கில்லை. அடவு அவருடையது, ஆடலாக்கம் மற்றவருடையது என்னும் பிரிவினை அல்மோராவில் மட்டுமன்றி அடையாற்றிலும் நிகழ்ந்தது. புகழ் பெயரிட்டவரிடம் சேர்ந்தது.

பாலசரஸ்வதி 1934இல் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டுக்கு வெளியே அவர்தம் ஆடலை அறியச் செய்த நிகழ்ச்சிகளுள் அது முதன்மையானது. வங்காளம் அவரை மறக்கவில்லை. 1976இல் 'பாலா' என்னும் ஆவணப்படத்தை எடுத்தவர் சத்யஜித் ராய். அதற்கு முந்தைய ஆண்டு, 1975 டிசம்பரில், தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் பரதக் கச்சேரியின் வரிசைமுறையைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டுப் பேசியிருந்தார் பாலசரஸ்வதி. புதுமை வேட்கையால் அவ்வரிசையை மாற்றுதல் தேவையற்றது என்பது அவர்தம் உறுதியான நிலைப்பாடு. உதயசங்கரின் குழு மேலைச் சட்டகத்துள் கீழை உடலை நிறுத்தியது என்றால், பாலசரஸ்வதி சட்டகமே மரபினது என்றார். இருவருக்குமிடையில் கருத்து மாறுபாடு முழுமையானது. ஆனால் இருவரும் தாம் நின்ற இடத்தை மறைத்தவரல்லர்.

சென்னையில் பிறந்த 'கல்பனா'

அல்மோரா மையம் மூடப்பட்டபின் உதயசங்கர் தம் கனவைத் திரைப்படமாக்க வந்த இடம் சென்னை. ஜெமினி ஸ்டூடியோவில் படமாக்கப்பட்டு 1948இல் வெளிவந்த 'கல்பனா' இந்தி மொழிப்படம், வங்காளியின் படைப்பு, ஆயினும் அது தமிழக மண்ணில், கே. ராம்நாத்தின் ஒளிப்பதிவில் உருப்பெற்றது. திருவாங்கூர்ச் சகோதரியருள் ஒருவரான பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் இதிலேதான். அதே ஆண்டு அதே ஸ்டூடியோவிலிருந்து 'சந்திரலேகா' வெளிவந்து அதன் முரசு நடனம் நாடெங்கும் பேசப்பட்டது. தமிழ்த் திரைப்பட வரலாறுகள் பின்னதற்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றன. முன்னதற்கு ஒரு வரியும் அரிதாகவே கிடைக்கிறது.

கதையமைப்பு எளிது. எழுத்தாளன் ஒருவன் படத்தயாரிப்பாளரிடம் கதை சொல்கிறான். அக்கதையில் உதயன் என்னும் ஆடற்கலைஞன் இமயத்தில் ஒரு கலைமையம் அமைக்கப் பாடுபடுகிறான். இறுதியில் வணிகத்திற்கு உதவாது என்று தயாரிப்பாளர் கதையை மறுக்கிறார். கதை மெலிந்தது, உரையாடல் சில இடங்களில் சொற்பொழிவாகிறது, இரு பெண்களுக்கிடைப்பட்ட காதற்பகுதி அன்றைய வழக்கமான படங்களைவிட மேம்பட்டதன்று. இவற்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆனால் ஆடற்பகுதிகளில் ஒளியும் நிழலும் வெட்டும் ஆடலின் உறுப்பாகின்றன. மேடையில் பார்வையாளன் ஒரே இடத்தில் அமர்ந்திருந்தான்; இங்குக் கருவி ஆடுவோரிடையே புகுகிறது. 'உழைப்பும் இயந்திரமும்' திரையில் நிலைபெற்றதால்தான் மேலே கூறிய மதிப்பீட்டுக்குச் சான்று எஞ்சியது. மேடையில் ஆடியவை ஆடியோருடன் மறைந்தன. மறையும் நிலையிலிருந்த இப்படமும் மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய உலகத் திரைப்பட அறக்கட்டளையின் முயற்சியால் மீட்கப்பட்டு 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. உதயன் காதலிக்கும் உமாவாக நடித்த அமலா சங்கர், தொண்ணூற்றைத் தாண்டிய அகவையில் அவ்விழாவில் பங்கேற்றார். அவர் 2020இல் கொல்கத்தாவில் காலமானார்.

காலப்பொருத்தம் ஒன்று நினைக்கத்தக்கது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல். மரபுவழி ஆடியோர்க்குக் கோயில் வாயில் சட்டத்தால் அடைபட்ட அதே வேளையில், அதே நகரின் ஸ்டூடியோ ஒன்றில் எந்த மரபுக்கும் உரிமை கோராத ஆடல் படமாகிக்கொண்டிருந்தது. தமிழக ஆடல் வரலாறு முதற்செய்தியை அடையாற்றுக்கான முன்னுரையாக்கிக்கொண்டது; இரண்டாவதை வங்காளத்தின் கணக்கில் விட்டுவிட்டது.

சண்டாளிகையின் தாய்

சடங்கைப் பொறுத்து உதயசங்கரிடம் நின்றுபோன வினாவைக் கொல்கத்தாவிலேயே மற்றொருவர் மீண்டும் எடுத்தார். மஞ்சுஸ்ரீ சாகி சர்க்கார் ஆடற்கலைஞரும் மானிடவியலாளருமாவார். மணிப்பூர்ச் சமவெளிப் பெண்களைக் குறித்த அவருடைய ஆய்வுநூல் 1984இல் வெளிவந்தது. மணிப்பூரின் லாய் ஹரோபா விழாவில் பெண்பூசாரியராகிய மைபியர், உடல் தோன்றியதையும் வீடு கட்டுவதையும் நெசவையும் கையசைவுகளாலேயே நிகழ்த்திக் காட்டுவர். அங்குக் கை பொருளை உணர்த்துகிறது. உலகை உண்டாக்கவும் செய்கிறது. ஆய்வின் வழியே சடங்கை அணுகிய ஒருவர் அதனை மேடைக்கு உரிய உருவமாக மட்டும் காண்பது அரிது. 1983இல் அவர் கொல்கத்தாவில் 'டான்சர்ஸ் கில்டு' என்னும் அமைப்பை நிறுவினார். தம் ஆடல்முறைக்கு 'நவநிருத்தியம்' எனப் பெயரிட்டார். அதில் அவருடைய மகள் ரஞ்சாபதியும் ஆக்கத்திற் பங்கேற்றார்.

தாகூரின் 'சண்டாளிகை' 1933இல் உரைநடை நாடகமாகவும் 1938இல் நாட்டிய நாடகமாகவும் அமைந்தது. தீண்டாமைக்கு உட்பட்ட குலத்துப் பெண்ணாகிய பிரகிருதி, தன்னிடம் நீர் வாங்கி அருந்திய புத்த துறவி ஆனந்தரைக் காதலிக்கிறாள்; தாயை வற்புறுத்தி மந்திரச் சடங்கால் அவரை இழுத்துவரச் செய்கிறாள்; இறுதியில் தாய் மந்திரத்தை விலக்கி உயிர்விடுகிறாள். உதயசங்கர் இக்கதையை 1960-களில் 'பிரகிருதி ஆனந்தா' என்னும் பெயரில் ஆடலாக்கினார். அவர் இட்ட தலைப்பிலேயே தாய் இல்லை. மகளும் துறவியும் அமைந்த இணை அது. இராதையும் கிருஷ்ணனும் அமைந்த 1923-இன் இணையை அது நினைவூட்டுகிறது.

மஞ்சுஸ்ரீ 1980-களில் அமைத்த ஆக்கத்தின் பெயர் 'தோமாரி மாதிர் கன்யா'. 'உனது மண்ணின் மகள்' என்பது பொருள். இதில் தாயாக மஞ்சுஸ்ரீயும் மகளாக ரஞ்சாபதியும் ஆடினர். துறவியின் மீதான காதலினும் தாய்க்கும் மகளுக்கும் இடையே எழும் முரணே நடுப்பொருளாயிற்று. மண்ணின் ஆற்றலை அறிந்த தாய், தன் குலத்துக்கு விதித்த எல்லையை ஏற்று வாழ்ந்தவள். மகள் அதனை ஏற்க மறுப்பவள். தாயின் மந்திரச் சடங்கு இங்குக் கீழோரின் மூடப்பழக்கமாகக் காட்டப்படவில்லை, அழகிய காட்சியாகவும் நிற்கவில்லை. மகளுக்காகத் தாய் செலவிடும் தன் உயிர்ப்பொருளாக அது அமைகிறது. மயூர்பஞ்ச் சௌ, களரிப்பயிற்று, பரதம், மணிப்புரி எனப் பல மரபுகளின் அசைவுகளை நவநிருத்தியம் கொண்டது. அவ்வளவில் உதயசங்கரின் வழியே அது. ஆனால் எந்த அசைவை எப்பாத்திரத்திற்கு ஏன் கொண்டனர் என்பதற்கு அங்குக் காரணம் உண்டு. உடல் தரையில் ஊன்றுகிறது. பெண்ணுடல் மென்மைக்கு மட்டும் உரியதன்று என்னும் நிலைப்பாடு அசைவிலேயே தெரிகிறது. சென்னையில் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா'வில் பரதத்தையும் களரியையும் ஒருங்கு நிறுத்தியதும் இதே பத்தாண்டில்தான் என்பது இரு நகரங்களையும் ஒருசேர ஆராய்வோர்க்கு உதவும்.

ரஞ்சாபதி 1999இலும் மஞ்சுஸ்ரீ 2000இலும் மறைந்தனர். உதயசங்கருக்குத் திரைப்படம் எஞ்சியதுபோல் 'தோமாரி மாதிர் கன்யா'வுக்கு அத்தகையதொரு முழுமையான திரைவடிவம் அமையவில்லை. ஆடியோர் உடல்களிலும், மஞ்சுஸ்ரீ எழுதிவைத்த கட்டுரைகளிலும், பிறர் செய்த ஆய்வுகளிலுமே அது தங்கியுள்ளது. தாகூரின் நாடகத்தில் தாய் மந்திரத்தை விலக்குகையில் அவளுக்கு மகள் தரும் ஆடற்சொல் எது என்பதை உதயசங்கர் கேட்கவில்லை. மஞ்சுஸ்ரீ கேட்டார், தம் மகளின் எதிரே நின்று ஆடினார்.